சந்தில் ஒருவர் வரவில்லை

“...அதனால நீங்களே கூப்பிடுங்க தம்பி. பெரட்டுல கிராணி கூப்பிடுவாரே, அதே மாதிரி. சத்தமா, ஒரே ஒரு தடவ. யாரும் வாயத் தொறக்கக் கூடாது. இருமக்கூடக் கூடாது, சொல்லிட்டேன்,” என்றார் சாப்பாட்டுக்கடை அக்கா.

அறுபத்து மூன்றாம் வருஷத் தேர்தலுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியே சிராங்கூன் ரோட்டில் லீவு நாள் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. உள்ளே நீளப் பலகையில் துறைமுகத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து தங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். கூப்பிட வேண்டிய பெயர் எனக்கு மனப்பாடம். அந்தப் பெயருக்குரிய மனிதரை அந்த வீட்டில் யாரும் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

இல்லாத ஆளை ஏன் கூப்பிட வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல ஓட்டுக் கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் அப்போது ஒரு நாகூர்க்காரரின் துணிக்கடையில் விற்பனையாள். பள்ளிக்கூடத்துக்குப் பெரிதாகப் போனதில்லை. சரக்கைச் சுற்றி வரும் பழைய பேப்பரில் இங்கிலீஷ் படித்தேன். கெஜக்கோலில் கணக்குப் படித்தேன். தேர்தல் வந்தால் ஒரு வேட்பாளருக்காக ஓட்டுச்சாவடியில் போய் உட்காருவேன். அங்கே வேலை இதுதான்: ஓட்டுப் போட வருபவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றதும் அதிகாரி அவருடைய பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார். எங்களைப் போன்றவர்கள் கையிலிருக்கும் பட்டியலில் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். தேர்தல் முடிந்ததும் மற்றவர்கள் யார் ஜெயித்தார்கள் என்று பேசிக்கொண்டிருக்க, நான் தெருத்தெருவாக, சந்துசந்தாகப் பிரித்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வராதவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேச்சுக் கொடுப்பேன். அதில் எனக்கு அப்படி ஒரு ருசி.

“வந்தவன எண்ண நாட்டுல ஆயிரம் பேரு இருக்கான். வராதவன எண்ணுற ஆளு நீ ஒருத்தன்தாம்பா,” என்பார் முதலாளி.

ஐம்பத்தைந்தில் நடந்த தேர்தலில் ஓட்டுப் போடுவது அவரவர் இஷ்டம். பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. வராதவர்கள் சொன்ன பதில்கள் இன்றைக்கும் என் காதில் இருக்கின்றன. “மழ தூறுச்சு லா, சட்ட நனஞ்சிரும்னு விட்டுட்டேன்.” “வெள்ளக்காரன் என்னையக் கேட்டுக்கிட்டா இங்க வந்தான்? போறதுக்கு மட்டும் நான் எதுக்கு?” ஒரு மாமி, “எனக்கு ஓட்டு இருக்குறது எங்க மாமியாருக்குத் தெரியாது தம்பி, கத்திப் பேசாதீங்க,” என்று என்னை வாசலோடு அனுப்பி வைத்தார்.

அப்போதே ஒன்று புரிந்தது. கோபத்தில் வராதவர், காய்ச்சலில் வராதவர், ஊரில் இல்லாதவர், உயிரோடு இல்லாதவர் எல்லோரும் கணக்கில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வராதவர்கள் பாதி ஊர் என்னும்போது அதில் ஒரு ஆள் எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் பெயரும் அந்த வராத பாதிக்குள்தான் கிடந்தது. எனக்கு அது அப்போது தெரியாது.

அவர் இங்கேயே பிறந்தவர். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கூட்டத்தில் வேலை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து தொங்கான் படகில் மூட்டைகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். வேலை மும்முரமாக இருந்தால் வாரக்கணக்கில் துறைமுகத்துக் கூலியாட்கள் தங்கும் லயத்திலேயே படுக்கை. சம்பளம் வாங்கினால்தான் வீடு. அதனால் அவர் வீட்டுக்கு வராத நாட்கள் அக்காவுக்கு வழக்கமான நாட்கள்தான்.

லயத்தில் விடிந்ததும் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையாக நிறுத்தி, கணக்குப்பிள்ளையான கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். “இருக்கேன்!” என்று குரல் வந்தால் அன்றைய கூலி உண்டு, குரல் வராவிட்டால் இல்லை. விளக்கும் சரியாக இல்லாத அந்த நேரத்தில் கிராணிக்கு முகம் தெரியாது, குரல்தான். காய்ச்சலில் கிடப்பவனுக்கும், சம்சு குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாதவனுக்கும் பக்கத்தில் நிற்பவன் “இருக்கேன்” சொல்லிவிடுவான். கூட்டாளி என்றால் அதைச் செய்ய வேண்டும். செய்யாதவனோடு யாரும் சேர்ந்து சாப்பிடக்கூட மாட்டார்கள்.

ஐம்பத்தைந்து தேர்தலுக்கு முன்னாலேயே, ஒரு காலைப் பெரட்டில் அவரைக் காணவில்லை என்றதும் ஒருத்தர் குரல் கொடுத்தார். எங்கேயோ போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று நினைப்பு. மறுநாள் இன்னொருத்தர். அதற்கடுத்த நாள் வேறொருத்தர். ஒரு காலையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் “இருக்கேன்” என்று சொல்ல, கிராணி, “என்னாடா, ஒரு ஆளுக்கு ரெண்டு வாயா?” என்று சிரித்தாராம். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்களாம். சம்பளம் கொடுத்த அன்று அவர் பணத்தை வாங்கக் கை நீளவில்லை. அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எந்தக் காலை வரைக்கும் அது அவருடைய குரல், எந்தக் காலையிலிருந்து அவருடையது இல்லை என்று அத்தனை பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

கடலில் விழுந்தாரா, ஏதாவது கப்பலில் ஏறிப் போனாரா, தெரியாது. உடல் கிடைக்கவில்லை.

“திதி கொடுக்கலாம்னு போனா கோயில்ல நாளக் கேக்குறாங்க தம்பி. பொட்ட வச்சுக்கவா, அழிக்கவான்னு கேட்டாலும் நாளத்தான் கேக்குறாங்க. நாளுக்கு நான் எங்க போவேன்? அவர் இல்லாத நாள்லாம் அவர் இருந்திருக்காரே!” என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். பொட்டு வைத்துக்கொண்டுதான் சொன்னார். இருக்கிறார் என்றால் காத்திருக்கலாம். இல்லை என்றால் அழுது தீர்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி எத்தனை நாள் நிற்பது?

அவருக்காகக் குரல் கொடுத்த கூட்டாளிகள், ஒருவர் பின் ஒருவராக லயத்தை விட்டு, அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு வந்தார்கள். அக்கா கீழே சாப்பாட்டுக்கடை போட்டார். கைக்கு அடக்கமான பழைய பால் டின் ஒன்றுதான் அவருக்கு அளவு. ஆளுக்கு ஒரு டின் அரிசி. எப்போதும் ஒரு டின் கூடத்தான் போடுவார். மிஞ்சும் சோறு காலையில் பின்கட்டுக் கோழிகளுக்குப் போகும். கூட்டாளிகளில் உயரமானவர் ஒருவர் இருந்தார். நெட்டை அண்ணன் என்போம். அவர் ஒரு தடவை, “என்னாக்கா, தெனமும் மிஞ்சுது?” என்று கேட்டுவிட்டார்.

“மிஞ்சட்டும் லா. கொறஞ்சா நான் யாரு மூஞ்சியப் பாக்குறது?” என்றார் அக்கா. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஐம்பத்தொன்பதில் ஓட்டுப் போடுவது கட்டாயம் என்றார்கள். வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள் என்பது சட்டம். ஆனால் சந்தில் சுற்றிய பேச்சு வேறு: “மாத்தா வீட்டுக்கு வருவான்.” மாத்தா என்றால் இங்கே போலீஸ். “வந்து ஐசியப் புடுங்கிக்கிட்டுப் போயிருவான்.” ஐசி என்றால் அடையாள அட்டை.

தேர்தலன்றைக்கு, சாவடியாக இருந்த பள்ளிக்கூட வாசலில் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனேன். எங்கள் தெருவில் இத்தனை பேரா? தினமும் நடக்கும் சந்துதான்; ஆனால் பாதி முகம் நான் பார்த்ததே இல்லை. மாடி ஜன்னலுக்குப் பின்னால் வருஷக்கணக்காக இருந்த பெண்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். வெயில் படாத அந்தத் தோலுக்கு ஒரு வெளிறல் இருந்தது. செத்துப்போய்விட்டார் என்று நான் நினைத்திருந்த ஒரு தச்சரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். “இவரு இன்னும் இருக்காரா?” என்று மெதுவாகக் கேட்டேன். தூக்கி வந்தவர், “அவரும் ஒன்னயக் காட்டி அதத்தான் கேட்டாரு,” என்றார்.

அதிகாரி பெயர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கை ஓயாமல் நான் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். மக்கள் தலையாட்டினார்கள், “ஆமா” என்றார்கள், படித்தவர்கள் “யெஸ்” என்றார்கள். நடுவில் ஒரு பெயருக்கு மட்டும் “இருக்கேன்” என்று பதில் வந்தது. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கோடு போட்டு முடித்துத் தலை நிமிர்ந்தபோது ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு தடுப்புக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர்கள், “மக்கள் முழிச்சுக்கிட்டாங்க,” என்றார்கள். ஐம்பத்தைந்தோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தெரிந்தது. முழித்தார்களா, எழுப்பிவிட்டார்களா என்பது எண்ணில் தெரியாது. ஆனால் சந்துவாரியாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் எங்கள் சந்தின் கணக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பெயர்கூடப் பாக்கி இல்லை. சந்தோஷம் தாங்காமல் அக்கா கடைக்குப் போனேன்.

“அக்கா, தெரியுமா? நம்ம சந்துல ஒருத்தர் பாக்கி இல்ல. முழுசும் வந்துட்டாங்க. இந்த வட்டாரத்துலயே நம்ம சந்துதான்!”

அக்கா கரண்டியைப் பானைக்குள்ளேயே விட்டார். “முழுசும்னா?”

“பட்டியல்ல இருக்குற அத்தன பேரும்.”

“எங்க வீட்டுக்காரர் பேரும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஓட்டுப் போட வரச் சொல்லி அவர் பேருக்குச் சீட்டு தபால்ல வந்துச்சே.”

பலகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டாளிகள் எல்லோர் கையும் இலைமேல் அப்படியே நின்றது. எனக்கு அவருடைய பெயரே தெரியாது. அக்கா புருஷன் பெயரை வாயால் சொல்லாத பழக்கம், ‘எங்க வீட்டுக்காரர்’தான். கூட்டாளிகளுக்கு அவர் ‘சுருட்ட’. “பேரு என்னாண்ணே?” என்று நெட்டை அண்ணனிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி தகப்பன் பெயரோடு சேர்த்து முழுசாகச் சொன்னார்.

சாவடியில் கேட்டது நினைவுக்கு வந்தது. “இருக்கேன்” என்று பதில் வந்த பெயர் அது.

நெட்டை அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அக்கா, திட்டாதீங்க. பேர வெட்டிட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னு நாங்க பேசிக்கிட்டோம். பெரட்டுல சொன்ன மாதிரி ஒருத்தர் போய்ச் சொல்லிட்டா போச்சு, அவ்வளவுதானன்னு. சுவத்துக் கண்ணாடிக்குப் பின்னால நீங்க சொருகி வச்சிருந்த சீட்ட நான்தான் எடுத்தேன்.”

“அப்ப நீதானா போட்டே?”

“இல்லக்கா! வாசல்ல மாத்தாவப் பாத்ததும் பயந்துட்டேன். திரும்பி வந்துட்டேன். வந்து பாத்தா சீட்டு சட்டைப் பையில இல்ல. கூட்டத்துல எங்கயோ விழுந்துருச்சு.”

“வேற யாருய்யா?” என்று அக்கா மற்றவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். கடைசி ஆள் சுவரைப் பார்த்தார். நான் அவர்களை அறிவேன். பொய் சொல்லத் தெரிந்த முகங்கள் இல்லை.

“சீட்டக் கீழ கெடந்து எடுத்த எவனோ ஒரு துறைமுகத்து ஆளுக்கா. கூட்டத்துல ஐசியெல்லாம் எங்க பாத்தாங்க?” என்றேன். எனக்கே அது பாதிதான் நம்பிக்கையாக இருந்தது.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. “எப்படிச் சொன்னாரு? இழுத்துச் சொன்னாரா, வெட்டுன மாதிரி சொன்னாரா?”

“கவனிக்கலக்கா.”

“மூஞ்சி?”

“முதுகுதான் பாத்தேன். வெள்ளச் சட்ட.”

“அன்னிக்கு ஊரே வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுத்தான போச்சு,” என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. கண்ணில் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அது நம்பிக்கை.

அடுத்த தேர்தல் வரும்வரை அந்த வீட்டில் கதவுக்குக் குறுக்குக்கட்டை போடவில்லை. பிடோக் கம்பத்துக் கிராமத்தில் இருந்த அக்காவின் தங்கை, “வந்து எங்களோட இரு அக்கா,” என்று கெஞ்சிப் பார்த்தார். “அவர் ஓட்டு இந்தச் சந்துல இருக்கு. அவர் வந்தா இங்கதான் வரணும்,” என்று அக்கா மறுத்துவிட்டார். துறைமுகத்திலும் அந்த எதிர்பார்ப்பு தொற்றிக்கொண்டது. பெரட்டில் தன் பெயரைக் கூப்பிட்டால் அந்த ஆட்கள் உடனே குரல் கொடுக்க மாட்டார்களாம். தனக்கு முன்னால் வேறு யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார்களாம். நெட்டை அண்ணன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை, அவரும் நிறுத்திவிட்டார்.

நானும் மாறிப்போயிருந்தேன். எங்கேயாவது எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று கணக்கு வந்தால் சந்தோஷம் வருவதில்லை. யாருக்காக யார் பதில் சொன்னார்களோ என்றுதான் தோன்றும். பாதிப் பேர் வராத ஐம்பத்தைந்தில் அவர் தொலைந்து கிடந்தார். எல்லோரும் வந்த ஐம்பத்தொன்பதில் அதைவிட மோசமாகத் தொலைந்து போனார்.

அறுபத்து மூன்றில் தபால்காரர் மறுபடியும் அவர் பெயருக்குச் சீட்டுக் கொண்டுவந்தார். போன தடவை ஓட்டுப் போட்டவர் ஆயிற்றே, பெயர் வெட்டப்படவில்லை. இந்த முறை அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டார். கூட்டாளிகளை அரிசிச் சாக்கில் கை வைக்கச் சொல்லி, யாரும் அவர் பெயருக்குப் போவதில்லை என்று சத்தியம் வாங்கினார். என்னிடம், “அவராவே இருந்தா சீட்டு இல்லாட்டியும் வருவாரு. வந்தா மூஞ்சியப் பாருங்க தம்பி. கோடு போடுறேன்னு குனியாதீங்க,” என்றார்.

காலையிலிருந்து குனியவில்லை. பெயரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, அப்புறம்தான் கோடு. அக்கா முதல் ஆளாக வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, எதிர்ச் சுவரோரம் நிழலில் உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் கூட்டம் ஓய்ந்து, கூடம் வெறிச்சென்று ஆனது. டீ குடித்துக்கொண்டிருந்த சீன அதிகாரி திடீரென்று தலை தூக்கி, மேசைக்கு முன்னால் பார்த்து, “சியாப்பா?” என்று மலாயில் கேட்டார். யார் என்று கேட்ட இடத்தில் யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது என்றார். 

சாவடியை மூடும்வரை அந்தப் பெயரை யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் உட்கார்ந்து எங்கள் சந்தை மட்டும் முதலில் பார்த்தேன். பிறகு அக்கா கடைக்குப் போனேன். ராத்திரிச் சோற்றுக்கு அரிசியை அளந்து அண்டாவில் போட்டு முடித்திருந்தார். தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை.

“ஒருத்தர் வரலக்கா,” என்றேன்.

“ஒருத்தர் மட்டுந்தானா?”

“ஒருத்தர் மட்டுந்தான்.”

அக்கா கையிலிருந்த பால் டின்னைக் கீழே வைத்தார். “அங்க அவர் பேரக் கூப்பிட்டாங்களா?”

“வந்து நின்னாத்தான்க்கா கூப்பிடுவாங்க.”

“அப்ப எப்படி வரலன்னு சொல்றது? கூப்பிட்டு, பதில் இல்லன்னாத்தான வரல? அவர் பேர எப்பக் கூப்பிட்டாலும் எவனாச்சும் பதில் சொல்லிட்டான் தம்பி. ஒரு தடவகூட அந்தப் பேருக்கு அப்புறம் சும்மா இருந்ததில்ல. என் வாயால அவர் பேரச் சொல்ல மாட்டேன், அதனால நீங்களே கூப்பிடுங்க தம்பி...”

அப்படித்தான் நான் கதவோரம் நின்றேன். கூட்டாளிகள் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தெருக்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

கிராணி கூப்பிடுவதுபோல், தகப்பன் பெயரோடு, சத்தமாகக் கூப்பிட்டேன்.

அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த தெருச் சத்தம் எங்கேயோ தள்ளிப்போனது. நெட்டை அண்ணன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டார், தோள் குலுங்கியது.  வருஷக்கணக்கான பழக்கம், ஒவ்வொருவர் வாய்க்குள்ளும் அந்த ஒரு சொல் வந்து முட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பெரட்டையே பார்த்திராத என் நாக்கிலும் அது வந்து நின்றதுதான் விசித்திரம். மாடிப்படியில் பலகை ஒன்று ‘கிறீச்’ என்றது. எல்லோரும் கீழேதான் இருந்தோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் அதுவும் அடங்கியது.

பதில் இல்லை.

அக்கா திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, “இன்னிக்கு என்ன திதின்னு பாருங்க,” என்றார். பார்த்துச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். அண்டாவுக்கு முன்னால் குந்தி, பால் டின்னால் அரிசியை ஒரு டின் மோந்து, டின்னின் மேல்பக்கத்தைக் கையால் வழித்துச் சமன் செய்து, திரும்பச் சாக்கில் கொட்டினார்.